ஆள் இல்லை

நூல்காரி வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் போய்விட்டது.

"ஆள் இல்லை."

ஒலிபெருக்கியில் கேட்டது அவளுடைய குரல்தான். அவளோ இன்னும் காற்றுச் சுரங்கத்துக்குள், சோதனைக் காரின் மேல் கம்பளி நூல்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். காற்று போகும் வழியை அந்த நூல்கள் காட்டும். காருக்குப் பின்னால் இரும்பு வலை, அதற்கும் பின்னால் ராட்சத விசிறி. அது ஓடும்போது உள்ளே சிக்கியவரை வலையிலிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான், கடைசியாக வெளியேறுபவர் சுவர் மைக்கில் "ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மைக்கிடம் ஓடினாள். "சார், நான் உள்ளேதான் இருக்கேன். இப்ப பேசினது நான் இல்ல."

"நீ இல்லாம உன் பேயா?" கண்ணாடிக்கு அப்பால், விசிறியை இயக்கும் அறையில், மேலாளர் சிரித்தார். "சீக்கிரம் ஒட்டும்மா. காரைப் பார்க்க ஆளுங்க வந்தாச்சு."

"கதவு திறந்திருந்தா விசிறியை ஓட விடாத பூட்டு கெட்டு எவ்வளவு நாளாச்சு? அதுக்குப் பதிலா கம்பியைச் சுத்தி ஓட்டுறீங்க. ஒருத்தர் செத்தாத்தான் மாத்துவீங்களா?"

"வாயிலயும் ஒரு விசிறி வெச்சிருக்கா" என்று அவர் யாரிடமோ சொன்னார். அங்கே சிரிப்பு.

அவளுக்குக் காது மடல் எரிந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு. பசையும் ரப்பரும் சூடான எண்ணெயும் கலந்த வாடையில், ஒலியை உறிஞ்சும் பஞ்சுச் சுவர்கள் அவள் முணுமுணுத்த வசவைக்கூட விழுங்கிக்கொள்ள, பசை நாடாச் சுருளைத் தரையில் வீசிவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். இன்றைக்கு வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

கைப்பிடி அசையவில்லை.

பின்னால், மைக் இருந்த பக்கம், யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினாள். யாரும் இல்லை.

"ஆள் இல்லைங்க சார். தாராளமா ஓட்டுங்க."

அவள் குரல். அவள் அவரிடம் ஒருநாளும் காட்டாத பணிவு.

"இப்பதான் நல்ல பொண்ணு மாதிரி பேசுற" என்றார் மேலாளர், மகிழ்ந்துபோய்.

பாதங்களுக்குக் கீழே தரை உறுமத் தொடங்கியது. காரின் மேல் நூல்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. மைக்கில் கத்தினாள். மைக்கின் சிறு விளக்கு அணைந்திருந்தது; குரல் வெளியே போகவில்லை. கண்ணாடிக்கு ஓடினாள். அறைந்தாள். இரண்டு கைகளாலும்.

மேலாளர் நிமிர்ந்தார். எழுந்தார். நேராக அவளை நோக்கி வந்தார். முகத்துக்கு முகம். ஒரு சாண் தூரம்.

"யோவ்! நிறுத்துய்யா! கண்ணு தெரியலையா?"

அவளுடைய கூந்தல் முழுவதும் வலையை நோக்கி நீண்டு நின்றது. கால்கள் வழுக்கின.

அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். கண்ணாடியில் அவள் கண்களுக்குள்ளேயே பார்த்து, நிதானமாக வகிடு எடுத்தார்.