காலி என்று பதிவான கிடங்கு

திரையில், பின்சுவரோரம் ஒரு நீலத் திட்டு தெரிந்தது. காலையில் அது இல்லை.

கானியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மாடியிலிருந்த கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் பேரீச்சம்பழத்தின் புளித்த இனிப்பும் உறைபனியின் இரும்பு வாடையும் ஏறி வந்திருந்தன. கீழே குளிர்கிடங்கு பட்டப்பகலிலும் கும்மிருட்டாகக் கிடக்க, குளிர்விப்பானின் முனகல் மட்டும் அவள் பற்களில் அதிர்ந்துகொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் பெட்டி சுமக்கும் ஆளில்லா வண்டி, சாதி என்ற தொழிலாளியை அந்தச் சுவரோடு நசுக்கியது. யாரோ கைதவறிப் பொத்தானை அழுத்திவிட்டார்கள். நாளை முதல் அதே வண்டியோடு இருட்டில் வேலை செய்யப்போவது அவளுடைய ஒரே தம்பி லஸ்ஹர். அதனால்தான் ஆழம் அளக்கும் கேமராக்கள் மூன்றை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அல்லாடினாள். இரண்டு கண் வைத்த கேமராவுக்கு இருட்டில் பார்வையில்லை. ஒளிப்புள்ளிகளை இறைத்துப் பார்ப்பது பனி படிந்த இரும்பு அடுக்குகளில் குழம்பியது. ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளக்கும் மூன்றாவதுதான் மிச்சம். மூணு மாப்பிள்ளையில ஒருத்தனைப் பிடிக்க இத்தனை நாளா, உனக்குக் கல்யாணம் ஆனாப்புலதான் என்று லஸ்ஹர் கேலி செய்திருந்தான்.

காலையில் வழக்கப்படி எல்லோரையும் வெளியேற்றி, கதவைப் பூட்டி, ஆளில்லாத கிடங்கை ஒருமுறை பதிவு செய்தாள். அந்தப் பதிவில் இருப்பதுதான் வண்டிக்குக் 'காலி'. பிறகு புதிதாக ஏதாவது வந்தால் திரையில் சிவப்பு; பதிவில் இருந்தது காணாமல் போனால் நீலம். இரண்டில் எது தெரிந்தாலும் வண்டி நின்றுவிடும். இனி எந்தக் கையையும் நம்பக்கூடாது என்று, கையால் இயக்கும், நிறுத்தும் பொத்தான்களையும் அவளே கழற்றச் சொல்லியிருந்தாள்.

வண்டி நின்றிருந்தது. காலையில் இருந்த ஏதோ இப்போது இல்லை. பெட்டி சரிந்திருக்கும் என்று நினைத்து, வாக்கி-டாக்கியில் லஸ்ஹரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

அவன் உள்ளே நுழைந்தான். சிவப்பாக ஓர் ஆள், அடுக்குகளுக்கு நடுவே நடந்தான். அவள் நீலத்தைப் பெரிதாக்கினாள்.

தோள்கள் இருந்தன. கழுத்து இருந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டிக்கு ஏது கழுத்து?

பூட்டிய கிடங்கில் காலையில் யாரோ நின்றிருக்கிறார்கள்.

"லஸ்ஹர், திரும்பி வந்துடு."

"பெட்டியெல்லாம் சரியாதான் இருக்குக்கா. இங்க யாரும் இல்ல." சிவப்புக் கை ஒன்று சுவரைத் தொட்டது. "சுவருதான் சூடா இருக்கு."

சிவப்பு நீலத்தை நெருங்கியது. அவன் முதுகைச் சுவரில் சாய்த்தான். தோளோடு தோள் பொருந்தியது. பொருந்திய இடமெல்லாம், காலைப் பதிவில் இருந்தபடியே ஆகிவிட, நிறம் அணைந்தது. உயரம் சரி. அகலம் சரி. தலை மட்டும் மிச்சம்.

காலையில் அங்கே நின்றது யார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் அப்போது லஸ்ஹர் வெளியே அவள் பக்கத்தில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த இடத்த விட்டு வாடா. சொன்னா கேளு."

"இருக்கா. உள்ள யாரோ மூச்சு விடுறாங்க."

அவன் காதைச் சுவரில் வைத்தான். தலை இடப்பக்கம் சாய்ந்தது.

கடைசி நீலமும் அணைந்தது.

திரையில் பச்சை எழுத்து: காலி.

கீழே சக்கரங்கள் உருளத் தொடங்கின. அவள் விசைப்பலகையை அறைந்தாள். கத்தினாள். படிகளை நோக்கி ஓடினாள். கதவருகே போகும் முன் கீழே ஒரு சத்தம். ஒன்றுதான்.

திரும்பிப் பார்த்தாள்.

சிவப்பு இல்லை. நீலம் இல்லை. ஒரு புள்ளிகூட மாறவில்லை. பச்சை எழுத்து அப்படியே இருந்தது.

காலி.