ஓட்டையில் நிற்காத பெயிண்ட்

இந்தக் காலத்தில் வாடகைக்கு வருகிறவர்களுக்குச் சுவர் என்றால் ஆணி அடிக்கிற இடம். கேட்டால், "சின்ன ஆணிதான் ஐயா" என்பார்கள். பிடுங்கிப் பார்த்தால் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை!

என் மாடி வீட்டில் குடியிருந்து இப்படி ஓட்டை போட்ட பஸ் டிரைவரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னேன். "சாயந்திரத்துக்குள்ள சுவர் பழையபடி இருக்கணும். இல்லேன்னா வேற வீடு பாத்துக்குங்க."

அவர் மகள் நாலாம் வகுப்பு. பட்டாணி என்று கூப்பிடுவார்கள். "நான் வரமாட்டேன். என் ஸ்கூலு, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான்" என்று இடுப்பில் கை வைத்தாள்.

நான் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நகர்ந்தால் காலண்டரை மாட்டி மறைத்துவிடுவார்கள். யாரை நம்புவது?

டிரைவர் மிச்சமிருந்த எமல்ஷன் பெயிண்டை ஓட்டையில் அப்பினார். வழிந்தது. இன்னும் அப்பினார். இன்னும் வழிந்தது.

"சுவர் அழுவுதுப்பா."

"நீ வாயை மூடு."

அவள் மூடவில்லை. பல் தேய்க்கிற பிரஷ்ஷில் பற்பசையைப் பிதுக்கிக்கொண்டு ஓடிவந்து, தலைகீழாகப் பிடித்தாள். விழவில்லை.

"பாத்தீங்களா? பெயிண்ட்ல குட்டிக்குட்டித் துளியெல்லாம் தண்ணில மிதக்குது. சும்மா விட்டாலே வழுக்கி ஓடிடும். பேஸ்ட்ல பொடி நெருக்கியடிச்சு நிக்குது. தள்ளினாத்தான் நகரும்."

"யார் சொன்னது?" என்றேன்.

"எங்க டீச்சர், தாத்தா."

"அப்ப டீச்சரே வந்து பூசுவாங்களா?"

"நானே பூசுவேன்!"

பக்கத்தில் வீடு கட்டுகிற கொத்தனாரிடம் ஓடினாள். சுவர் ஓட்டையை அடைக்கிற பட்டிப் பொடி ஒரு டப்பா வாங்கிவந்து தண்ணீர் விட்டுக் குழைத்தாள். தண்ணீர் கூடிப்போனது. அதுவும் ஒழுகியது. நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பொடியைச் சேர்த்தாள், கிளறினாள், மறுபடி சேர்த்தாள். கரண்டி செங்குத்தாக நின்றதும் எடுத்து ஓட்டையில் திணித்து, ஸ்கேலால் அழுத்தி வழித்தாள்.

நின்றது!

நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்தாள். அது தானே பரவி, பிரஷ் கோடெல்லாம் மறைந்தது. "இதுக்கு மட்டும் பெயிண்ட்தான் சரி" என்றாள் பெரிய மனுஷி மாதிரி.

நான் தடவினேன். விரல் மடக்கித் தட்டினேன். ஓட்டை எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை.

"இருக்கலாமா ஐயா?" என்றார் டிரைவர்.

"இருங்க, இருங்க. மழைக்காலம் வரட்டும். அப்பத் தெரியும் வண்டவாளம்."

"வரட்டுமே தாத்தா!" என்றாள் பட்டாணி.

நான் படியிறங்கினேன். ஒரு டப்பா பொடியை நம்பிச் சுவரை விடுகிற ஆள் நான் இல்லை.