வெற்று வரி

மறதிக் காய்ச்சல் வந்துபோன பிறகு யாருக்கும் தலையில் எதுவும் தங்குவதில்லை. தூங்கி எழுந்தால் துடைத்த சிலேட்டுதான். பிடரியில் பதித்த வாசிப்பான் காலையில், நடந்ததெல்லாம் வரிசையாகப் பதிந்திருக்கும் நினைவுக்கோப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுக்கும். பல் துலக்கி முடிப்பதற்குள் ஆள் பழைய ஆளாகிவிடுவார்.

தூத்துக்குடி அலுவலகத்தில் அந்தக் கோப்புகளைத் திருத்துவது பனிமலரின் வேலை. வேண்டாத வரியை விட்டுவிட்டு மற்றதைப் புதுக் கோப்பில் இறக்குவாள். சாவு, துரோகம், அவமானம் எல்லாம் அவள் கண்முன் வரிவரியாகப் போகும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அவளுக்குப் பிறர் துக்கம் புளிக்கக்கூட இல்லை, சப்பென்று இருந்தது.

அன்று காலை ஜெனோவா என்ற இளம்பெண் தன் அப்பா மிக்கேலைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள்.

"நேத்து நீங்கதான அக்கா அப்பாவுக்குத் திருத்துனது? இன்னைக்கு என்னய யாருன்னு கேக்காவ."

மிக்கேல் வாசலையே பார்த்தார். "டைட்டஸ் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலையா?"

பனிமலருக்குப் புரிந்துவிட்டது. மகன் டைட்டஸ் கடலில் மூழ்கி இறந்த வரியை அழிக்கச் சொன்னவர், "அந்த எடத்த மூடிராதீங்கம்மா, சும்மா கெடக்கட்டும்" என்றும் கேட்டிருந்தார். அவளும் வெற்று வரியாக விட்டுவிட்டாள். வெற்று வரியைக் கண்டால் கோப்பு முடிந்தது என்று வாசிப்பான் நின்றுவிடும். வேலையில் முதல் நாள் படிக்கும் பாடம் அது. நேற்று அவள் யோசிக்கவேயில்லை. டைட்டஸ் போன பிறகு பிறந்தவள் ஜெனோவா. அவளுடைய வரிகள் எல்லாம் அதற்குக் கீழே கிடந்தன.

"அந்த வெற்று வரிய எடுத்துட்டா உன்னத் தெரியும்மா. ஆனா அடுத்த வரியில ஒரு அடக்கத்துல நிக்காவ. யாருக்குன்னு தெரியாமத் தவிப்பாவ. அதையும் எடுத்தா, அதுக்கடுத்த வரியிலயும் இதே தவிப்புதான்."

"இல்லன்னா?"

"பழைய வரியத் திருப்பி எழுதணும்."

ஜெனோவா அப்பாவைப் பார்த்தாள். "எழுதிருங்க."

பனிமலர் தட்டினாள். வாசிப்பான் ஓடியது. மிக்கேலின் முகம் கோணியது; நாற்காலியில் சுருண்டு விம்மினார். ஜெனோவா தன் வரி வரும்வரை பக்கத்தில் காத்து நின்றாள். கடைசியில் அவர் அவள் கையை எட்டிப் பிடித்தார்.

"ஏட்டி ஜெனோவா, ஒங்க அண்ணன் போயிட்டான்ட்டி."

பிறந்ததிலிருந்து தெரிந்த செய்தி. அன்றுதான் கேட்டவள்போல அவளும் அழுதாள்.

பனிமலருக்கு மட்டும் அழுகை வரவில்லை. வராதது அவளுக்குப் பயமாக இருந்தது.