குளிராமப் பாத்துக்க

கரண்ட் போனபோது மணி ஆறு இருபது. மார்கழி மாதம். கோழிச் செட்டுக்கு வெளியே இன்னும் பனி விலகவில்லை.

உள்ளே மஞ்சள் பல்புகள் அணைந்தன. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குச் சூடு தந்தவை அந்தப் பல்புகள்தான். வட்டமான தகரத் தடுப்புக்குள், நேற்று வந்திறங்கிய குஞ்சுகள் ஒரே குரலாகக் கத்தின.

கனிஷ்காவின் அப்பா ஜெகதீஸ்வரன் பைக்கை உதைத்தார். "பக்கத்துப் பண்ணையில கரி வாங்கியாந்து மூட்டறேன். குளுருக்குக் குஞ்சுக ஒண்ணு மேல ஒண்ணு ஏறும் சாமி. கையை உட்டுக் கலைச்சுக்கிட்டே இரு. இல்லைன்னா அடியில இருக்கறது செத்துப்போகும்."

"சரிங்கப்பா."

அம்மா பால் ஊற்றப் பால் சொசைட்டிக்குப் போயிருந்தார். தம்பி கௌசிக் மட்டும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். அவன் ஒன்றாம் வகுப்பு. கனிஷ்கா ஆறாம் வகுப்பு.

அவள் ஒரு கையால் குஞ்சுகளைக் கலைத்தாள். மறு கையில் பென்சில், மடியில் ஆங்கில நோட்டு.

"என்னக்கா எழுதற?"

"ஸ்மதர்னு ஒரு வார்த்தை. அதுக்கு எத்தனை அர்த்தம் இருக்கோ அத்தனை வாக்கியம் எழுதோணும். தீ மேல மண்ணைப் போட்டு அணைச்சா ஸ்மதர். சிரிப்பு வர்றப்ப வாயைப் பொத்தி அடக்குனா ஸ்மதர். மூச்சு முட்ட மூடுனாலும் ஸ்மதர்."

"தோசை மேல சட்னிய நெறையா ஊத்துனா?"

"அதுக்கும் அதேதான்டா."

"அப்ப நான் தெனமும் ஸ்மதர் பண்றேன்."

இருவரும் சிரித்தார்கள்.

பிள்ளைமேல் அளவுக்கு மீறி அன்பைக் கொட்டினாலும் அதே சொல்தான் என்று ஜெயப்பிரியா டீச்சர் சொல்லியிருந்தார். அன்பில் எப்படி மூச்சு முட்டும்? அந்த ஒரு வாக்கியம்தான் கனிஷ்காவுக்கு வரவில்லை. செட்டுக்குள் எழுத்தும் தெரியவில்லை.

"டேய், நான் வாசல்ல உக்காந்து எழுதிட்டு வாரேன். குஞ்சுகளைக் குளிராமப் பாத்துக்க."

கலைத்துவிட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

எழுதினாள். அடித்தாள். மறுபடியும் எழுதினாள். உள்ளே கத்தல் குறைந்துகொண்டே வந்தது. கரண்ட் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தாள். இருட்டாகவே இருந்தது.

கௌசிக் வெறும் பனியனோடு, நடுங்கிக்கொண்டு, தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தான். விரலை உதட்டில் வைத்தான்.

"சத்தம் போடாதக்கா. எல்லாம் தூங்கிருச்சு."

குஞ்சுகள் ஒன்றையும் காணோம். அவனுடைய போர்வைதான் மேடாகக் கிடந்தது. காற்று புகாமல் நாலு ஓரத்தையும் தரையில் பரப்பியிருந்த உமிக்குள் செருகியிருந்தான்.

கனிஷ்கா போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

மேலே இருந்தவை சிதறி ஓடின. நடுவில் இருந்தவை எழுந்து எழுந்து விழுந்தன. அடியில் இருந்தவை அசையவில்லை. ஈரமாக, தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"அட்டைப்பெட்டி எடுத்துட்டு வா. ஓடு!"

அலகைத் திறந்து மூச்சுக்குத் தவித்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். பெட்டிக்குள் இடம் விட்டுத் தள்ளித் தள்ளி வைத்தாள். சில நிமிர்ந்தன. சில அவள் கையிலேயே தலை சாய்ந்தன.

அப்பா கரி மூட்டையோடு வந்தார். பார்த்தார். முதலில் சட்டியில் கரியை மூட்டினார். புகை போக, செட்டின் பக்கவாட்டில் தொங்கிய படுதாவை ஒரு சாண் தூக்கிக் கட்டினார். அதன் பிறகுதான் போர்வையைக் கையில் எடுத்தார்.

"இதை யாரு போட்டது?"

கௌசிக் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

"நாந்தானுங்கப்பா அவனை உட்டுட்டுப் போனேன்" என்றாள் கனிஷ்கா. "குளிராமப் பாத்துக்கன்னு மட்டும் சொன்னேன். கலைச்சு உடச் சொல்லல. அவன் போத்தியிருந்ததைக் கழட்டிக் குடுத்திருக்கான்."

அப்பா மகளைப் பார்த்தார். மகனின் சில்லிட்ட கைகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன்மேல் சுற்றினார்.

"செத்ததை நான் பொறுக்கறேன். உசுரோட இருக்கறதை நீங்க ரெண்டு பேரும் பாருங்க, போங்க."

கனிஷ்கா தம்பியின் கைகளை வாயிலிருந்து விலக்கினாள்.

"பொத்தாதடா. அழுதுக்க."

அவன் அழுதான். செட்டே அதிரும்படி அழுதான். பக்கத்தில் நின்ற குஞ்சுகள் பயந்து ஓடின.

"பாரு, நீ அழுதே கலைச்சு உட்டுட்டே" என்றாள். அவன் அழுகைக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினான். அவன் கையைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு நடுவில் விட்டாள். "விரலை விரிச்சுக்க. மெதுவாத் தள்ளு. அப்படித்தான்."

கரிச்சூடு பரவியது. குஞ்சுகள் சட்டியைச் சுற்றித் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்று கௌசிக்கின் நகத்தைக் கொத்திப் பார்த்தது. பெட்டியில் இருந்தவற்றில் பாதிக்குமேல் எழுந்து நின்றுவிட்டன.

அப்பா மூலையில் குனிந்து, தீவனச் சாக்குக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

கௌசிக் அந்தச் சாக்கையே பார்த்தான். கை மட்டும் நிற்காமல் குஞ்சுகளைக் கலைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அடியில இருந்ததுக கத்தியிருக்கும்ல? எனக்கு ஏங் கேக்கல?"