எலியாவின் பழைய திருநாள்

மதகுப் பாலத்தோடு பேருந்து திரும்பிவிடும். அதற்கப்பால் வெர்பிவ்கா கிராமத்துக்குப் போகிறவர்கள் தார்ச்சாலையில் சுற்றிப் பதினெட்டு கிலோமீட்டர் போக வேண்டும், அல்லது வயல்களுக்குக் குறுக்கே ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். யரீனா நடக்கிறவள். மருத்துவமனையில் நர்ஸாக வாரம் ஆறு நாள் நிற்கிற கால்களுக்கு நடைதான் ஓய்வு என்று சொல்லி, கூட வேலை செய்கிறவர்களிடம் ஏச்சு வாங்குகிறவள்.

அன்று ஆகஸ்ட் இரண்டாம் தேதி. எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் கணவன் மீரோன் போர்முனையிலிருந்து பத்து நாள் விடுப்பில் வருகிறான். நண்பன் ஒருவன் காரில் மாலைக்குள் கொண்டுவந்து சேர்ப்பதாகப் பேச்சு. பெற்றோர் இறந்தபின் பூட்டிக் கிடக்கிற தன் வீட்டில்தான் பத்து நாளும் இருப்பேன் என்று சொல்லியிருந்தான். அவன் வருவதற்குள் போய்ச் சன்னல்களைத் திறந்து, அடுப்பு மூட்டி, பீட்ரூட் சூப் வைத்துவிட வேண்டும். எட்டு மாதமாகத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சாவுச் செய்திதானோ என்று நினைத்தே எடுப்பாள். இந்தப் பத்து நாளாவது அவன் கண்முன் உயிரோடு இருப்பான். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பாலத்தடிக் கடையில் தண்ணீர் வாங்கினாள். கடைக்கார ஸ்டெஃபா அவளுடைய பையையும் கைத்தடியையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயக்காட்டு வழியாவா போற? இன்னிக்கா?"

"ஏன் அக்கா, இன்னிக்கு என்ன?"

"இடி இறக்குற எலியா தீர்க்கதரிசி திருநாளுடி. வயல்ல காலே வைக்கக் கூடாத நாளு."

"அது ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சுதே. புது நாட்காட்டிப்படி ஜூலை இருபதுக்கு மாத்திட்டாங்க. நீங்கதான கோயில்ல முன்னாடி நின்னு பாடுனீங்க?"

"பாடுனேன், இல்லேங்கல. பாதிரியார் மாத்துனாரு, நாங்களும் மாத்துனோம். செத்தவங்களுக்கு யாரு போய்ச் சொன்னா?"

யரீனா சிரித்துவிட்டாள்.

"சிரி, சிரி. அந்தக் காலத்துல திருநாளும் அதுவுமா பண்ணையார் ஆளுங்களை அடிச்சு அறுப்புக்கு விரட்டுனான். ஒரே இடி. அத்தனை பேரும் அருவாளைப் பிடிச்சபடியே கருகிட்டாங்க. இன்னும் அதே நாள்ல வந்து அறுக்குறாங்க."

"என் மாமியாரும் இதைச் சொல்லுவாங்க. அவங்க சொன்னதையெல்லாம் கேட்டிருந்தா உங்க ஊருக்கு நான் மருமகளாவே வந்திருக்க முடியாது."

"வாயி, வாயி! போறதுதான் போற, அந்த வாயைத் தொறக்காம போ."

முதல் இரண்டு மணி நேரம் நடை சுகமாகத்தான் இருந்தது. சூரியகாந்தி வயல், பிறகு ஒரு ஓடை, பிறகு சாலையோரச் சிலுவை. சிலுவையடியில் உட்கார்ந்து ரொட்டியும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் வெள்ளரிக்காயும் தின்றாள். எழுந்து மேட்டில் ஏறியபோது சரியாக நடுப்பகல். மேட்டுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை விளைந்து நின்ற கோதுமை.

அப்போதுதான் வானம்பாடி நின்றது. காலையிலிருந்து விடாமல் பாடிக்கொண்டிருந்த பறவை, பாதியில் ஓய்ந்துவிட்டது. காற்றும் இல்லை. அசையாத கதிர்களுக்கு நடுவே மயிர் தீய்ந்த வாடை வந்தது.

கூடவே ஒரு சத்தம். கல்லில் இரும்பைத் தேய்க்கும் சத்தம்.

பாதையிலிருந்து முப்பதடி தள்ளி ஆணும் பெண்ணுமாக ஒரு வரிசை குனிந்து அறுத்துக்கொண்டிருந்தது. கையில் அரிவாள், உடம்பில் முரட்டு வெள்ளைச் சட்டை. இந்தக் காலத்தில் யார் கையால் அறுக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்களெல்லாம் போருக்குப் போய்விட்டார்கள், பாவம், என்ன செய்வார்கள் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். உழைக்கிறவர்களைக் கண்டும் பேசாமல் கடந்து போகிற பழக்கம் அந்தச் சீமையில் கிடையாது. பேச்சு வந்த நாளிலிருந்து எல்லோர் வாயிலும் ஊறிப்போன வாழ்த்து. ஸ்டெஃபா சொன்னது நினைவுக்கு வருமுன் அது வெளியே வந்துவிட்டது.

"கடவுள் கைகொடுக்கட்டும்!"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

முகங்கள் கரிந்திருந்தன. கழுத்திலிருந்து மார்புவரை மரக்கிளை விரிந்ததுபோலச் சிவந்த தழும்புகள். ஒருவனுக்குத் தலைமயிர் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவர்கள் காலடியில் கட்டிக் கிடந்தவை கதிர்க்கட்டுகள் அல்ல. ஒரு கட்டுக்குள்ளிருந்து நீல நிற ஷூ அணிந்த கால் நீட்டிக்கொண்டிருந்தது. அது உதைத்துக்கொண்டும் இருந்தது.

யரீனா ஓடினாள்.

பத்தடிகூடப் போகவில்லை. அரிவாள் ஒன்று கணுக்காலில் கொக்கிபோல் மாட்டி இழுத்தது. முகம் மண்ணில் மோதி, பல் உதட்டைக் கிழித்தது. திரும்பிக் கைத்தடியால் வீசினாள். குனிந்தவனின் தாடை பெயர்ந்து தொங்கியது. அவனோ தொங்கிய தாடையோடு சிரித்தான். இரண்டு பேர் அவள் கைகளை மிதித்தார்கள். எலும்பு நொறுங்கும்போல் வலித்தது. முன்னால் நின்று அறுத்த பெண் குனிந்து, கோதுமைத் தாளை முறுக்கிப் புரியாக்கி, அவள் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

அறுப்புக் காலத்தில் வழியே போகிறவர்களைப் புரியால் கட்டி வைத்து விளையாடுவதுண்டு. மீட்க யார் வருவார்கள் என்று கேட்பார்கள். கட்டுண்டவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவன் ஒரு புட்டி வோட்கா வாங்கிக் கொடுத்து மீட்பான். யரீனாவும் கல்யாணமான புதிதில் இப்படிக் கட்டுப்பட்டுச் சிரித்தவள்தான்.

"எங்க ஊரு மருமகளா? நல்லா கொழுகொழுன்னு இருக்கா." கட்டியவளின் கரிந்த உதடுகள் அசைந்தன. "உன்னை மீட்க யாருடி வருவா? பேரைச் சொல்லு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டாளாம். அறுங்க."

ஆடுசதையில் அரிவாள் வைத்து மெதுவாக இழுத்தார்கள். சதை பிளந்தது. மறுபடி அதே வெட்டில் வைத்தார்கள். எலும்பில் இரும்பு உரசும் சத்தம் அவள் காதுக்கே கேட்டது. யரீனா அலறினாள். உயிர் போகிற வலியில் எந்தப் பெயர் வருமோ அந்தப் பெயர்தான் வந்தது.

"மீரோன்!"

அரிவாள் நின்றது.

"மீரோன்," என்று ஒருத்தி ருசி பார்ப்பதுபோலச் சொன்னாள். வரிசை முழுக்க ஒவ்வொருவராய்ச் சொல்லிக்கொண்டார்கள். மணிக்கட்டுப் புரி தானாக அவிழ்ந்து விழுந்தது.

என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இல்ல! அவரு இல்ல! என்னையே எடுத்துக்கோங்க!" என்று கதறிக்கொண்டு எழுந்தாள்.

யாரும் இல்லை. கோதுமை ஒரு தாள்கூட அறுபடாமல் நின்றது. வானம்பாடி விட்ட இடத்திலிருந்து பாடியது. அவள் காலிலிருந்து மட்டும் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

தலைத்துணியைக் கிழித்துக் காலைக் கட்டினாள். தொலைபேசியை எடுத்தால் சிக்னல் இல்லை. வீடுவரை மூன்று கிலோமீட்டரும் கைத்தடியை ஊன்றி நொண்டிக்கொண்டே, அவன் காரில் சாலை வழியாகத்தான் வருவான், வயல் பக்கம் வரமாட்டான் என்று ஆயிரம் முறை சொல்லிக்கொண்டாள். வீட்டிலும் சிக்னல் இல்லை; கதவைத் திறந்தவள் அடுப்பைத் தொடவே இல்லை. காலுக்கு இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்து சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணிக்குப் பின்வாசல் கதவு திறந்தது.

வயலைப் பார்த்த கதவு அது.

மீரோன் நின்றான். இளைத்திருந்தான், ஆனால் முழுதாக இருந்தான். அவள் அவனைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுதாள்.

"என்னடி காலு இது?"

"கம்பி வேலி கிழிச்சிடுச்சு. நீங்க ஏன் இந்தப் பக்கமா வர்றீங்க? காரு எங்க?"

"சீக்கிரமே வந்துட்டோம். நீ வயல் வழியா போயிருக்கேன்னு ஸ்டெஃபா அக்கா சொன்னாங்க. எட்டிப் பிடிச்சிடலாம்னு பாலத்துலயே இறங்கிட்டேன்." அவன் சிரித்தான். "வழியில அறுப்புக்காரங்க மடக்கிட்டாங்கடி, மூஞ்செல்லாம் ஒரே புழுதியும் கரியும். கடவுள் கைகொடுக்கட்டும்னேன், கப்புனு கட்டிட்டாங்க. எங்கிட்ட புட்டியும் இல்ல, ஒண்ணும் இல்லேன்னேன். வேணாம், உன் பொண்டாட்டி ஏற்கனவே பேசி முடிச்சிட்டா, அடுத்த எலியாவுக்கு வந்து வரிசைல நில்லுன்னாங்க. எந்த நாட்காட்டி எலியான்னு கேட்டேன். சிரிக்கிறாங்க."

சட்டைக் கையை மேலே தள்ளினான். மணிக்கட்டில் அப்போதுதான் முறுக்கியதுபோன்ற கோதுமைப் புரி.

யரீனா கத்தரிக்கோலை எடுத்து வந்து புரியின் நடுவில் வைத்து வெட்டினாள்.

மீரோன் கூரை அதிர அலறினான். வெட்டுப்பட்ட தாளிலிருந்து ரத்தம் பீறிட்டுச் சுவரில் அடித்தது. அவன் தோலில் ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் முகம் வெளுத்துத் தரையில் சரிந்தான். எத்தனையோ பேருடைய ரத்தத்தை நிறுத்திய கைகள் அவளுடையவை. துணி வைத்து அழுத்தினாள், முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினாள், ஒன்றுக்கும் நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது.

கடைசியில் அறுந்த இரண்டு நுனிகளையும் தேடி எடுத்து, தன் கையாலேயே மறுபடி முடிச்சுப் போட்டாள்.

ரத்தம் நின்றது. மீரோன் மூச்சை இழுத்துக் கண் திறந்தான்.

திறந்த சன்னலுக்கு வெளியே, வெகு அருகில், யாரோ அரிவாள் தீட்டத் தொடங்கினார்கள்.