நாய்ப்பெட்டிக்குள் ஒரு நிறம்

பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு ரயில்பெட்டி நின்றது. அதற்குச் சக்கரம் இல்லை. கீழே தண்டவாளமும் இல்லை. செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள்.

திருப்புட்குழியில் ஓர் அரிசி ஆலையில் அது இருபத்தைந்து வருடம் கிடந்தது. உள்ளே உமி மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஆலைக்காரர் அதைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். இனி அது நூலகம்.

ஆலைக்காரருக்குப் பச்சை பிடிக்கும் போலிருக்கிறது. கதவு, ஜன்னல், கூரை எல்லாமே பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வெண்டைக்காய் ஒன்று படுத்திருப்பதுபோல இருந்தது.

"ஓடின காலத்துல என்ன நிறமோ, அதையே அடிச்சிடலாம்" என்றார் தலைமை ஆசிரியர் மஹாலட்சுமி. "திங்கட்கிழமை பெயிண்ட் வாங்கணும். அதுக்குள்ள சொல்லிடுங்க."

பெயிண்ட் அடிக்கப்போகிறவர் டேனியல். ஐந்தாம் வகுப்பு ஜோதிகாவின் அப்பா. அவர் தன் நண்பர் தேவேந்திரனையும் அழைத்து வந்தார். தேவேந்திரன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஜோதிகாவின் பக்கத்தில் உட்காரும் துர்காவுக்கு அப்பா.

சிறுவர்களாக இருந்தபோது இருவருக்கும் ரயில் பைத்தியம். அப்போது காஞ்சிபுரத்தில் மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. குறுகிய தண்டவாளம், சின்ன வண்டி.

இருவரும் பெட்டியைச் சுற்றி வந்தார்கள். ஜோதிகாவும் துர்காவும் பின்னால் வந்தார்கள்.

"ஜன்னல்ல மரச்சட்டம் இருக்குது பாரு. நம்ம வண்டியிலயும் இப்படித்தான்" என்றார் டேனியல்.

"எல்லா வண்டியிலயும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் தேவேந்திரன். பிறகு பெட்டியின் ஒரு முனையில் குனிந்தார். அங்கே கார்டு உட்காரும் சின்ன அறை. அதன் அடியில் ஒரு முழ அகலத்தில் ஓர் இரும்புக் கதவு.

"டேய் டேனியல். நாய்ப்பெட்டிடா."

டேனியலும் குனிந்தார்.

"அப்படின்னா?" என்று கேட்டாள் துர்கா.

"ஊருக்கு நாயைக் கூட்டிக்கினு போனா இதுக்குள்ளதான் விடணும். கடைசிப் பெட்டியில மட்டும்தான் இருக்கும்" என்றார் தேவேந்திரன்.

"நாய்க்கு டிக்கெட் உண்டா மாமா?" என்றாள் ஜோதிகா.

"உண்டும்மா. ஜன்னல் சீட்டுதான் கிடையாது."

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"நம்ம வண்டியேதான்பா" என்றார் டேனியல். "அரக்குக் கலரு."

"அரக்கா? கருநீலம்பா."

மரத்தடியில் ஆரம்பித்த வாக்குவாதம் டீக்கடை வரை போனது. அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். டேனியல் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நெறத்தப் பத்தி உனக்கு இன்னாப்பா தெரியும்?"

நெசவாளர்கள் நிறைந்த அந்தப் பிள்ளையார்பாளையத்தில் சாயக்காரரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இதை மட்டும் சொல்லக் கூடாது.

தேவேந்திரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அதில் பாதி டீ இருந்தது. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் துர்கா வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். மதிய உணவின்போது ஜோதிகா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கப்பா நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல. உங்கப்பாவாலதான்" என்றாள் துர்கா.

"எங்கப்பா ரெண்டு தடவ சாப்பிட்டாரு. வருத்தமா இருந்தா அவரு அப்படித்தான்."

துர்கா சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். இரண்டு பெஞ்ச் தூரம்தான். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தத் தூரம் இருந்ததில்லை.

சனிக்கிழமை மதியம் ஜோதிகா தனியாகப் பள்ளிக்கு வந்தாள். வாட்ச்மேன் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் பச்சைப் பெட்டி அசையாமல் நின்றது. அவள் அதைச் சுற்றி நடந்தாள். ஆலைக்காரர் ஓர் இடத்தையாவது பச்சை அடிக்காமல் விட்டிருப்பார்.

வீட்டில் அம்மாவின் பழைய பட்டுப் புடவை ஒன்று உண்டு. வெளுத்துவிட்டது. அதே நிறத்தில் ரவிக்கை வேண்டும் என்று அம்மா தேவேந்திரன் மாமாவிடம் கேட்டபோது, அவர் புடவையின் மேற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஓர மடிப்பைப் பிரித்து உள்ளே பார்த்தார். "வெயில் படாத எடத்துலதான் நெசமான நெறம் இருக்கும்" என்றார்.

ரயில்பெட்டிக்கு மடிப்பு எங்கே இருக்கும்?

ஜோதிகா நாய்ப்பெட்டியின் முன் உட்கார்ந்தாள். கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது. கல்லால் தட்டினாள். இழுத்தாள். ஆறாவது இழுப்பில் திறந்தது. அவள் பின்னால் விழுந்தாள்.

நாய் எதுவும் இல்லை. உமித் தூசி பறந்தது. கதவின் உள்பக்கத்தில் பச்சை இல்லை. பெயிண்ட் அடித்தவர் நாய்ப்பெட்டிக்குள் கையை விடவில்லை.

தூசியைப் பாவாடையால் துடைத்தாள். அரக்கு. நன்றாகப் பழுத்த நாவல் பழத்தைக் கடித்தால் உள்ளே தெரியுமே, கிட்டத்தட்ட அந்தச் சிவப்பு.

அப்பா சொன்னதுதான் சரி.

ஓடிப்போய்ச் சொல்லத்தான் எழுந்தாள். பள்ளி வாசல் வரை போனாள். அங்கிருந்து டீக்கடை தெரிந்தது. அப்பா இதை அங்கேதான் முதலில் சொல்வார். பத்துப் பேர் சிரிப்பார்கள். துர்கா மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விடுவாள்.

ஜோதிகா திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

அன்று மாலை துர்காவின் வீட்டுக்குப் போனாள். துர்கா கடைக்குப் போயிருந்தாள். பின்கட்டில் சாயக் கொட்டகை. மூங்கில் கழியில் ஈர நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கையில் நூலோடு நின்றாள்.

"இதே நெறம் வருமான்னு பாத்துச் சொல்லுண்ணே."

"விளக்கு வெச்சாச்சும்மா. இப்போ பாக்க மாட்டேன்" என்றார் தேவேந்திரன். "பொழுது சாஞ்சா நெறம் பொய் சொல்லும். காலைல வா."

அந்தப் பெண் போனாள். ஜோதிகா நூலைப் பார்த்தபடி நின்றாள்.

"மாமா, சின்ன வயசுல ரயில எத்தன மணிக்குப் பாப்பீங்க?"

தேவேந்திரன் கழியிலிருந்த ஈர நூலைத் திருப்பிப் போட்டார்.

"தறியில வெளிச்சம் போற வரைக்கும் எங்கப்பா வுட மாட்டாரு. அப்புறம் ஓடுவேன். ஆறரை வண்டி. ஏன்?"

"சும்மாதான்."

வீட்டுக்குப் போய் அப்பாவையும் கேட்டாள்.

"ஏழரை வண்டி. ஸ்கூல் போறப்போ" என்றார் டேனியல். "வெயில் சுள்ளுனு அடிக்கும்."

ஜோதிகா நெடுநேரம் படுத்தபடி யோசித்தாள். ஒரே வண்டி காலையில் போகிறது. மாலையில் திரும்பி வருகிறது. காலையில் வேலியோரம் ஒரு சிறுவன். மாலையில் இன்னொரு சிறுவன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்கள்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு டேனியல் பெட்டியில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஜோதிகா தேவேந்திரனை அழைத்து வந்தாள். "உங்க கண்ணு வேணும் மாமா" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். துர்காவும் வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள்.

இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ஜோதிகா நாய்ப்பெட்டியின் கதவைத் திறந்தாள். சாய்ந்த வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. அரக்கு பளிச்சென்று தெரிந்தது.

தேவேந்திரன் அதைப் பார்த்தார். டேனியல் வாயைத் திறந்தார்.

"அப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருப்பா" என்றாள் ஜோதிகா. "எல்லாரும் உக்காருங்க."

"எவ்ளோ நேரம்?"

"ஆறரை வண்டி வர்ற வரைக்கும்."

உட்கார்ந்தார்கள். வெயில் பெட்டியின் மேலேறி, கூரையில் கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டது. வேப்பமரத்தில் மைனாக்கள் இடத்துக்குச் சண்டை போட்டு ஓய்ந்தன. ஏகாம்பரநாதர் கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்தது. வானம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல நீலமானது.

கதவிலிருந்த சிவப்பு எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். இப்போது அது இருண்டிருந்தது. மேலே இருந்த வானம் கொஞ்சம் அதில் இறங்கியிருந்தது.

டேனியல் எழுந்து கிட்டே போனார். பின்னால் நகர்ந்தும் பார்த்தார்.

"நீலம்தான்பா" என்றார். "கருநீலம். நான்தான் தெரியாம பேசிட்டேன். அதுவும் கடையில வெச்சு."

"இல்லப்பா, அரக்குதான்" என்றார் தேவேந்திரன். "விளக்கு வெச்சப்புறம் நெறம் பாக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்."

"நீலம்ன்றேன்."

"அரக்குன்றேன்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள் துர்கா. இந்த முறை சிரித்தாள்.

"கடையில இந்த அரக்கு கிடைக்காது. டப்பாவ வாங்கியா, நான் கலந்து தரேன்" என்றார் தேவேந்திரன்.

"காலைலயே கலந்துடு."

துர்கா ஜோதிகாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பெட்டிக்குள் ஏறினார்கள். உள்ளே உமி வாசனை. மரப்பலகையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"எந்த ஊருக்கு?" என்றாள் துர்கா.

"போற வரைக்கும் போகலாம்."

வெளியே அப்பாக்களின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. காற்று வந்தது. ஜன்னலில் வேப்பமரம் அசைந்தது. பிறகு மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது.