மூன்று பூனைக்கு ஒரு பேசின்

டிசம்பர் மாதத்து மழை ஒன்பது நாட்களாக விடவில்லை. வாவி நிரம்பி, ஆரையம்பதியில் விதுர்ஷாவின் வீட்டைச் சுற்றிய வளவுக்குள்ளும் தண்ணீர் வந்து நின்றது.

மூன்று படி உயர்த்திக் கட்டிய வீடு என்பதால் உள்ளே தண்ணீர் ஏறவில்லை. ஆனால் வளவில் முழங்கால் அளவு வெள்ளம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். விதுர்ஷாவும் தம்பி நிதுர்ஷனும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். மூன்று பூனைகளும் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

மூத்த பூனைக்கு முதலாளி என்று பெயர். மஞ்சள் நிறம், பெரிய தலை. யார் நடந்து வந்தாலும் எழுந்து வழிவிடாது.

இரண்டாவது பூனை சீனி. உடம்பெல்லாம் வெள்ளை. அம்மா தையல் மெசினில் இருக்கும்போது அவர் காலடியில் படுத்திருக்கும். ஆறு வருடமாக அதுதான் அதன் இடம்.

மூன்றாவது, சின்னப் பூனை. மீன் சந்தையில் ஓர் ஐஸ் பெட்டிக்குள் சுருண்டு கிடந்ததை அப்பா பெட்டியோடு தூக்கி வந்தார். பார்க்க இறாலைப் போலவே இருந்தது. அதனால் நிதுர்ஷன் அதற்கு இறால் என்று பெயர் வைத்தான்.

மழை தொடங்கிய அன்று விதுர்ஷா ஒரு பழைய பேசினில் மணல் அள்ளி, குசினிக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய நடையில் வைத்தாள். பூனைகள் அதில்தான் மலசலம் கழிக்க வேண்டும். முதல் சில நாட்கள் அவையும் அப்படித்தான் செய்தன.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, தையல் அறையிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"விதுர்ஷா! இஞ்ச வா புள்ள! இத மணந்து பார்!"

அம்மாவின் கையில் நீளமான வெள்ளை உடுப்பு ஒன்று இருந்தது. மார்கிறட் ரீச்சர் தைக்கக் கொடுத்தது. அவருடைய கோயிலில், கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு நாடகம் போடுகிறார்கள். அதில் வானதூதர்களான சம்மனசுகளாக நடிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து வெள்ளை உடுப்புகள்.

விதுர்ஷா முகத்தருகே பிடித்து மணந்து பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"பூனை சலம்" என்றாள்.

"சம்மனசு இந்த மணத்தோட வந்தா ஆடு மேய்க்கிறவங்க எல்லாம் ஓடிருவாங்க" என்றான் நிதுர்ஷன்.

அம்மா சிரிக்கவில்லை. தரையைக் காட்டினார். ஜன்னலடியிலிருந்து மேசை வரை சின்னச் சின்ன ஈரக் கால் அடையாளங்கள்.

"இது இறால்ட கால். முதலாளிட கால் இதவிடப் பெரிசு. சீனி ஈரத்தில கால் வெக்கிறதே இல்ல."

"அம்மா, அது சின்னப் பூனைதானே."

"நேத்தும் வெட்டுத்துணிக் கூடைக்குள்ள இதே மணம். முந்தாநாள் திரைச்சீலையில. நான் ஒண்டும் சொல்லல்ல. இது மத்தவங்கட துணி, விதுர்ஷா. சனிக்கிழமை அப்பா வரட்டும். பாசிக்குடாவில ஆருக்காவது குடுக்கட்டும். ஒருத்தரும் வேணாமெண்டா சந்தையிலயே கொண்டுபோய் விடட்டும்."

அப்பா நிலோஜன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவார். இன்னும் நான்கு நாள் இருந்தது.

விதுர்ஷா இறாலை நினைத்தாள். இறால் அந்தச் சந்தையில் எத்தனை நாள் பட்டினி கிடந்ததோ தெரியாது. வந்த புதிதில் தட்டை நக்கிய பிறகும் தட்டடியிலேயே காத்திருக்கும். அதைத் திரும்பவும் அங்கே விடுவதா?

அவள் குனிந்து அந்த ஈர அடையாளங்களைத் திரும்பவும் பார்த்தாள். அப்போது ஒரு கேள்வி வந்தது. மூன்று பூனைகளும் வீட்டுக்குள்தானே இருக்கின்றன? இறாலின் கால் ஏன் நனைந்தது?

அன்று பின்னேரம் இறால் தையல் அறை ஜன்னலில் ஏறியதும், விதுர்ஷா சத்தமில்லாமல் போய் எட்டிப் பார்த்தாள்.

இறால் ஜன்னலிலிருந்து துணி துவைக்கும் கல்லுக்குப் பாய்ந்தது. கல்லிலிருந்து மதிலுக்கு. மதிலில் அம்மாவின் ரோசாச் சாடி இருந்தது. வளவில் வெள்ளத்துக்கு மேலே இருந்த மண் அது ஒன்றுதான். இறால் சாடியில் ஏறி, கிண்டி, இருந்து, கவனமாக மூடியது. திரும்பி வரும்போது கல்லில் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. எப்படியோ ஏறி, உடம்பை உதறிக்கொண்டு, ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. தரையில் ஈரக் கால் அடையாளம் பதிந்தது.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வெளிய போற?" என்று விதுர்ஷா கேட்டாள். இறால் காலை நக்கியது.

அடுத்த நாள் அவள் குசினியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் நடையும் தெரியும், பேசினும் தெரியும். கையில் ஒரு கதைப் புத்தகம். ஆனால் அன்று ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் முதலாளி வந்து நடையில் குறுக்கே படுத்தது. தலை ஒரு சுவரில், வால் மறு சுவரில். கொஞ்ச நேரத்தில் இறால் வந்தது. முதலாளி எழும்பவில்லை. ஒரு காலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டது. இறால் அந்தக் காலைப் பார்த்தது. பின்பு திரும்பி நடந்து ஜன்னலுக்குப் போனது. மதியம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், இதேதான் நடந்தது.

"முதலாளி விடுறாரில்ல" என்று தம்பியிடம் சொன்னாள். "அதுதான் இறால் சாடிக்குப் போகுது."

"அப்ப துணியில ஆரு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை தெரிந்தது. சீனி மெதுவாக நடந்து நடைக்கு வந்தது. முதலாளி அதற்கு மட்டும் வழி விட்டது. சீனி பேசினுக்குள் ஒரு காலை வைத்தது. எடுத்து உதறியது. மற்றக் காலை வைத்தது. அதையும் உதறியது. மணந்து பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்குப் போனது.

விதுர்ஷா பின்னாலேயே போனாள். அம்மா மெசினில் இருந்தார்.

"அம்மா, சத்தம் போடாம கீழ பாருங்க."

அம்மா குனிந்து பார்த்தார். சீனி வெட்டுத்துணிக் கூடைக்குள் இருந்தது. கண்களைப் பாதி மூடியிருந்தது. அவசரம் எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் ஒரு துண்டுத் துணியை இழுத்து மூடிவிட்டு, அம்மாவின் காலடியில் வந்து படுத்தது.

மெசின் நின்றது.

"சீனியா?" என்றார் அம்மா.

வாசலில் நின்ற நிதுர்ஷன் கேட்டான்: "அப்ப அப்பா சீனியக் கொண்டுபோய் விடுவாரா?"

அம்மா தன் காலடியில் கிடந்த வெள்ளை முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தரையும் குடுக்க வேணாம்" என்றாள் விதுர்ஷா. "அம்மா, நான் எங்கட ஸ்கூல் ரொய்லட்டுக்குப் போறனா?"

"இல்ல. மணியடிச்ச உடன வீட்டதான் ஓடி வருவ."

"ஏன்?"

"ஊத்தையா இருக்கு எண்டுதான் சொல்லுவ."

"சீனியும் அதத்தான் சொல்லுது. மழை தொடங்கின அண்டு போட்ட மணல் அது. ஈரம் வேற. நான் மேலால கொஞ்சம் அள்ளிக் கொட்டினதோட சரி. மூண்டு பூனைக்கு ஒரு பேசின். அதுக்கும் முதலாளி வாசல்ல."

அம்மா நிமிர்ந்து விதுர்ஷாவைப் பார்த்தார்.

"சரி, என்ன செய்யப் போற?"

"சனிக்கிழமை வரைக்கும் விடுங்க. நான் பாக்கிறன்."

புது மணல்தான் முதலில் தேவைப்பட்டது. ஆனால் ஊரில் காய்ந்த மணல் ஒரு கை கூட இல்லை. உமியும் நனைந்து போயிருக்கும். விதுர்ஷா யோசித்தாள். பெருந்தெருவில் ஜிப்ரி நானாவின் மரவேலைக் கடை ஞாபகம் வந்தது. கடைக்குத் தகரக் கூரை. உள்ளே எப்போதும் மரத்தூள் குவிந்திருக்கும்.

அன்று மழை சற்று விட்டு, தெருவுக்குப் போகும் ஒழுங்கையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் ஒரு குடையும் உரம் வந்த பழைய உரபேக் ஒன்றும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நானா, கொஞ்சம் மரத்தூள் தருவீங்களா?"

"என்னத்துக்கு? கோழிக் கூட்டுக்கா?"

"பூனைக்கு."

ஜிப்ரி நானா மரம் அறுத்த வாளைக் கீழே வைத்தார். "பூனை மரத்தூள் திங்குமா?"

"ஐயோ, இல்ல நானா. ரொய்லட்டுக்கு."

நானா சிரித்த சிரிப்பில் வேலை செய்துகொண்டிருந்த மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு மூலையைக் காட்டினார்.

"அங்க அள்ளுங்க. இந்தப் பக்கம் வேணாம், பொலிஷ் பட்டது. பூனை காலை நக்கினா கூடாது. மறுகா வேணுமெண்டாலும் வாங்க."

திரும்பி வரும் வழியில் மழை பிடித்தது. குடை ஒன்றுதான். அதை உரபேக்குக்குப் பிடித்தார்கள். மரத்தூள் நனையாமல் வீட்டுக்கு வந்தது. இருவரும் நனைந்து வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை விதுர்ஷா பழைய பேசினைக் கழுவி மரத்தூள் போட்டாள். விளிம்பு உடைந்த இன்னொரு பேசினை எடுத்தாள். இறால் வந்த ஐஸ் பெட்டி பரணில் கிடந்தது. அதையும் எடுத்தாள். இரண்டிலும் மரத்தூள் போட்டாள். பூனைகளுக்கு அடையாளம் தெரியட்டும் என்று பழைய மணலில் ஒரு சிரட்டை அளவு எல்லாவற்றிலும் தூவினாள். மூன்றையும் நடையில் வரிசையாக வைத்தாள்.

முதலாளி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு முன்பு படுத்த அதே இடத்தில் படுத்துக்கொண்டது.

"இப்ப மூண்டுக்கும் அவர்தான் காவல்" என்றான் நிதுர்ஷன்.

விதுர்ஷா நெற்றியில் கை வைத்தாள். எத்தனை பேசின் என்பது மட்டும் போதாது. எங்கே வைப்பது என்பதும் இருக்கிறது.

ஒன்றை நடையிலேயே விட்டாள். உடைந்த பேசினை அம்மாவின் தையல் அறை மூலையில் வைத்தாள். ஐஸ் பெட்டியைக் குளியலறைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் சுவர் இறாலுக்கு உயரமாக இருந்தது. அம்மா கத்தியால் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக் கொடுத்தார்.

அன்று முழுவதும் முதலாளி அலைந்தது. நடைக்குப் போனது. தையல் அறைக்குப் போனது. குளியலறைப் பக்கம் போனது. திரும்பவும் நடைக்கு வந்தது. ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் குறுக்கே படுக்க அதனால் முடியவில்லை. பின்னேரம் களைத்துப் போய் நடையில் தூங்கிவிட்டது.

இறால் பெட்டியடிக்கு வந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. யாரும் காலைத் தூக்கவில்லை. உள்ளே ஏறியது.

சீனி மட்டும் தன் பேசினைச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஒரு காலை வைத்தது. உதறவில்லை. ஆனால் இறங்கிப் போய்விட்டது. விதுர்ஷாவுக்குப் பயமாக இருந்தது. வெட்டுத்துணிக் கூடையை எடுத்து மேசைக்கு மேல் வைத்தாள்.

சனிக்கிழமை காலை நிதுர்ஷன் போட்ட சத்தத்தில் அவள் விழித்தாள்.

"அக்கா! அம்மா! சீனி போயிருக்கு! பேசினுக்குள்ளயே போயிருக்கு!"

மூவரும் வந்து மரத்தூளைப் பார்த்தார்கள். அதைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டதை நினைத்து அம்மாவுக்கே சிரிப்பு வந்தது. விதுர்ஷா சிரட்டையால் அள்ளி மூடி போட்ட வாளிக்குள் கொட்டினாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள்.

மத்தியானம் அப்பா வந்தார். கையில் ஒரு கடதாசிப் பெட்டி. காற்றுப் போக ஓட்டை போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமையே அம்மா போனில் விசயத்தைச் சொல்லியிருந்தார்.

"எங்க இறால்? ஹோட்டல் தோட்டத்தில வேலை செய்யிற ஒருத்தர் வளக்கிறன் எண்டு சொன்னவர்."

விதுர்ஷா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவிடமிருந்து பெட்டியை வாங்கினார்.

"அவருக்கு வேற குட்டி பாத்துக் குடுப்பம். இது எங்கட பூனை. நாங்கதான் பிழையாப் பாத்திட்டம்."

பிறகு அம்மா குசினிக்குப் போனார். மீன் தலையை எப்போதும் சீனிக்குத்தான் வைப்பார். அன்று அதை இறாலின் தட்டில் வைத்தார்.

அடுத்த நாள் மார்கிறட் ரீச்சர் உடுப்பு எடுக்க வந்தார். அம்மா நடந்ததை மறைக்கவில்லை. பழுதான உடுப்பைத் தன் துணியில் புதிதாகத் தைத்து வைத்திருந்தார்.

"ஆனாலும் நீங்க அஞ்சையும் மணந்து பாத்துட்டுக் கொண்டு போங்க, ரீச்சர்" என்றார்.

ரீச்சர் ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். விதுர்ஷா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"மரத்தூள் மணம்தான் வருது" என்றார் ரீச்சர். "பரவாயில்ல. நத்தார்க் கதையில வாற சூசையப்பர் தச்சு வேலை செய்தவர்தானே. நாடகத்துக்குப் பொருத்தம்தான்."

அதற்கடுத்த வாரம் வெயில் வந்தது. வெள்ளம் வடிந்தது. வளவு முழுவதும் காய்ந்த மணல் பளபளத்தது. தன் வேலை முடிந்தது என்று விதுர்ஷா கதவை அகலத் திறந்துவிட்டாள்.

மூன்று பூனைகளும் வெளியே ஓடின. மணலில் உருண்டன. தென்னையில் ஏறின. ஓணானைத் துரத்தின. காலை முழுவதும் விளையாடின.

பிறகு முதலாளி அவசரமாக வீட்டுக்குள் ஓடி வந்தது. அதன் பின்னால் சீனி. சீனியின் பின்னால் இறால். மூன்றும் மூன்று பக்கம் போயின. ஒவ்வொன்றும் தன் தன் மரத்தூளில் ஏறி இருந்தது.

"அக்கா, இவ்வளவு மணல் வெளிய கிடக்கு!" என்றான் நிதுர்ஷன்.

விதுர்ஷா சிரட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.